இருபத்து மூன்றாம் கதவு

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கணினி போர்ட்டுகளைப் பற்றியும் அவற்றால் வரும் ஆபத்துகளைப் பற்றியும் எளிமையாக எழுதித் தாருங்கள் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். உட்கார்ந்தேன். கணினிக்கு ஆயிரக்கணக்கில் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு வேலை. இருபத்தைந்தில் கடிதம் போகும். எண்பதில் இணையப் பக்கம் வரும். தேவையில்லாத கதவைத் திறந்து போட்டால் கண்டவனும் நுழைவான். இதுவரை நன்றாகத்தான் போனது. இருபத்து மூன்றுக்கு வந்தேன். தூரத்துக் கணினியோடு பேசும் பழைய வழி. பேசுவது எதையும் மறைக்காது. நடுவில் காது வைத்தவருக்கெல்லாம் கேட்கும், ஆகையால்

[வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. போடி மலை குறுக்கே வந்துவிட்டது. கட்டுரை இனி வராது, பத்திரிகைக்காரர்கள் மன்னிக்கவும்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.’ எந்தக் கதையில்தான் இறங்கவில்லை? அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: 1982, ஆனி மாதக் கடைசி. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் மண்டி. அங்கிருந்து மலைமேல் நான்கு எஸ்டேட் ஸ்டோர்களுக்கு ஒரே டெலிபோன் கம்பி போகிறது. ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். மண்டியில் கைப்பிடியைச் சுற்றினால் நான்கிலும் மணி அடிக்கும். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கீழ் ஸ்டோருக்கு. மற்றவர்கள் எடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஏற்பாடுதான், பூட்டு இல்லை. யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுப்பார்கள். மழைக்காலத்தில் மலையில் வேறு என்ன பொழுதுபோக்கு?

இது இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

(இடைக்குறிப்பு: ஒரே கம்பியில் எத்தனை பேர் ரிசீவரை எடுக்கிறார்களோ, அந்த அளவுக்குச் சத்தம் குறையும். கதைக்காக நான் கட்டியது இல்லை, மின்சாரத்தின் குணமே அதுதான். மறந்துவிடாதீர்கள்.)

3

மண்டியில் கைப்பிடியைச் சுற்றுகிறவன் அழகுமலை, அங்கே எழுத்தர். கீழ் ஸ்டோரில் எடுப்பவள் சந்திரவல்லி. காய் தரம் பிரிப்பவள், போன் எடுப்பதும் அவள் பொறுப்பு. எத்தனை மூட்டை இறங்கும் என்று கேட்பதில் ஆரம்பித்து, சாப்பிட்டாயா என்பதுவரை வந்திருந்தார்கள். ஏலக்காயைப் பற்றிப் பேசுவதுபோல ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள் என்று எழுதி, பிறகு அடித்தேன். ஏலக்காய் என்று சொன்னால் அந்த மலையில் எல்லோரும் இன்னும் கூர்ந்து கேட்பார்கள்.

மேல் ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் காசிமாயன், சந்திரவல்லியின் அப்பா. இவரிடம்தான் தடுமாறினேன். முதலில் பெரிய மீசையும் கையில் அரிவாளும் கொடுத்தேன். எழுத எழுத அந்த ஆள் ஒத்துவரவில்லை. அரிவாளை ஓரமாக வைத்துவிட்டு அவரும் ரிசீவரை எடுத்துக்கொண்டார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

அன்று மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்பெல்லாம் நின்றுவிட்டது. அழகுமலையின் அம்மா மறுநாள் முதல் பஸ்சில் தேவாரம் போகிறாள், வேறொரு பெண்ணை அவனுக்கு நிச்சயம் செய்து பூ வைக்க. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாது, அதனால் இந்த அவசரம். சந்திரவல்லி ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவை நிறுத்திவிடுவான். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைச் சொல்லி நிறுத்துவது? சாயங்காலம் கைப்பிடியைச் சுற்றினான். ஒரு நீளம், இரண்டு குட்டை.

நான்கு ஸ்டோரிலும் ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

“புள்ள, நாளைக்கு ஆத்தா தேவாரத்துக்குப் பூ வைக்கக் கெளம்புது. ஒனக்கு என்னயக் கட்டிக்கச் சம்மதமா?”

“என்னங்க? ஆத்தா கெளம்புதுங்கிற வரைக்கும் கேட்டுச்சு. பெறகு ஒண்ணும் கேக்கல.”

அவன் கத்தினான். சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மண்டி முழுக்கக் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

5

இந்த இடத்தில் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒரு யானை வந்து கம்பியை அறுத்துவிடுகிறது. யானைமேல் பழி போடுவது சுலபம், அது மறுப்புக் கடிதம் எழுதாது.

(ஆ) கொட்டும் மழையில் அழகுமலை மலை ஏறுகிறான். சளிப் பிடிக்கும்.

(இ) சந்திரவல்லி கண்ணீரோடு ரிசீவரை வைத்துவிட்டு

இல்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. அவள் செய்தது இதுதான்:

“இந்தாங்க, ஒட்டுக் கேக்குறவுக எல்லாரும் போனக் கொஞ்சம் வைங்க. அவரு பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்குது.”

கணினிப் பாதுகாப்பைப் பற்றி நான் படித்த எதிலும் இப்படி ஒரு வழி இல்லை. வேறு ஆட்களாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், பதில் சொன்னார்கள்.

“இந்தா வச்சுட்டேன் தாயி,” என்றார் இரண்டாம் ஸ்டோர் காவலர் மொக்கையன். டக்.

“வெரசா பதிலச் சொல்லு ஆத்தா, ஆடி வருதுல்ல,” என்றாள் மூன்றாம் ஸ்டோர் குருவம்மாள். டக்.

சத்தம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் கம்பியில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. யார் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பா?”

“காய் கருகுற வாடை வருது ஆத்தா, நான் போயி அடுப்பப் பாக்கணும்,” என்றார் காசிமாயன். ஆனால் உடனே வைக்கவில்லை. “பய நல்ல பயதான். ஒனக்குத் தோணுறதச் சொல்லு.”

டக்.

இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அரிவாளை ஓரமாக வைத்தது நல்லதாகப் போயிற்று.

6

அழகுமலை மறுபடி கேட்டான். “சம்மதமா புள்ள?”

இந்த முறை அவளுக்குக் கேட்டது. வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். கம்பியில் இன்னும் பாரம் இருந்தது.

நான்தான். எழுதுகிற சாக்கில் இவ்வளவு நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். இதோ வைக்கிறேன். வைப்பதற்கு முன் கடைசியாக என் காதில் விழுந்தது சந்திரவல்லியின் குரல்:

“எழுதுறவரு வச்சுர்றேன்னுட்டாரு. இன்னும் ஒருத்தரு இருக்கீக. படிக்கிறவுக, நீங்களும் கொஞ்சம் வச்சுருங்க. இவருக்கு நான் பதில் சொல்லணும்.”