வீட்டுக்கு அனுப்பிய தீர்ப்பு

ஹார்லன் ட்வெட் ஒரு முசுடு. நீதிமன்றத்தில் அவருக்குக் கீழே உட்கார்ந்து, பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்து இயந்திரத்தில் தட்டியவள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் மொன்டானாவின் கோதுமைச் சீமையில் மாவட்ட நீதிபதியாக இருந்தார். பிறகு ஜனாதிபதி பெயர் சொல்ல, செனட் தலையாட்ட, மத்திய அரசின் ஃபெடரல் நீதிபதி ஆனார். சாகும்வரை பதவி, யாரும் அசைக்க முடியாது. போகும்போது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்ட பதவியில் இருப்பவர் நினைத்ததையெல்லாம் செய்யலாம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். மண்ணாங்கட்டி.

டார்லா ஃபின்ஸ்டாட் வழக்கு 2009-ல் வந்தது. முப்பத்துநாலு வயது, மோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, ஒன்பது வயதில் ஒரு மகள். அண்ணன் அவளுடைய காரேஜில் போதைப்பொருளை ஒளித்து வைத்தான். அவளுக்குத் தெரியும். அண்ணனாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிடிபட்டதும் அந்த அண்ணன் தெரிந்த பெயரையெல்லாம் கக்கினான், தங்கை பெயர் உட்பட. அதற்குச் சன்மானமாக அவனுக்கு எட்டே வருடம். இவளிடம் கொடுக்க எந்தப் பெயரும் இல்லை. ஆகவே குறைந்தது பத்து வருடம். பழைய போதைப்பொருள் குற்றம் ஒன்று இருப்பதாக அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் கொடுத்தால், குறைந்தது இருபது. அதில் ஒரு நாளைக் குறைக்கக்கூட நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது.

நோட்டீஸ் வந்தது. கூடவே பழைய தீர்ப்பின் நகலும் வந்தது. அதன் அடியில் இருந்த கையெழுத்து ஹார்லன் ட்வெட்டுடையது.

பதினாலு வருடத்துக்கு முன்னால், இருபது வயது டார்லாவைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டவர் அவர்தான். அந்த வழக்கே ஓட்டை. விசாரணை நடந்திருந்தால் போலீஸ் மூக்குடைபட்டிருக்கும், அவள் விடுதலை ஆகியிருப்பாள். சின்னப் பெண், எதற்கு அலைய வேண்டும் என்று, ஒப்புக்கொள்ள வைத்து ஒரே நாளில் முடித்துவிட்டார். ஒரு நல்லது செய்த திருப்தியோடு அன்று அவர் விசிலடித்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது.

வழக்கிலிருந்து விலகட்டுமா என்று கேட்டார். இரண்டு தரப்பும் வேண்டாம் என்றது. யார் உட்கார்ந்தாலும் இருபதுதான். ராஜினாமாக் கடிதம் எழுதினார், அதே காரணத்துக்காகக் கிழித்துப் போட்டார். தண்டனை சொல்லும் நாளை நான்கு முறை தள்ளிவைத்தார். நான்காவது முறை இரண்டு வழக்கறிஞர்களையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அரசுத் தரப்பில் கர்டிஸ் லோமன், டார்லாவுக்கு மார்ஜ் ப்ரூயிட்.

"கர்டிஸ், அந்த நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கப்பா. பத்து வருஷமே ஜாஸ்தி."

"அவ நாலு ஆளோட பேரைச் சொல்லட்டும், இப்பவே வாங்கிக்கறேன்."

"பெட்ஷீட் மாத்தறவளுக்கு யாரைத் தெரியும்?" என்றாள் மார்ஜ். "வேணும்னா உன் பேரைச் சொல்லச் சொல்லட்டுமா?"

"எனக்கும் மேல ஆள் இருக்காங்க, மார்ஜ். எல்லாருக்கும் ஒரே ரூல்."

"நான் கெஞ்சறேன், கர்டிஸ்," என்றார் நீதிபதி.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கர்டிஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அந்தத் தீர்ப்பு நீங்க எழுதினதுதானே," என்றான். அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லையே.

அவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "லோர்னா, அன்னிக்கு நான் சும்மா இருந்திருந்தா அவ தப்பிச்சிருப்பா."

"விடுங்க ஐயா," என்றேன்.

"எங்க விடறது?"

கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதேன்.

ஐந்தாவது தடவை தள்ளிவைக்க மேல் நீதிமன்றம் விடவில்லை. டார்லா ஆரஞ்சு உடையில், இடுப்பில் சங்கிலியோடு வந்தாள். மகளைக் கூட்டிவரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். தண்டனை சொல்வதற்கு முன்னால், பழைய குற்றத்தைப் பற்றி நீதிபதியே தன் வாயால் கேட்டாக வேண்டும். அது சட்டம். மறுத்தும் பயனில்லை, ஐந்து வருடம் தாண்டிய தீர்ப்பை யாரும் தொட முடியாது. ஆனாலும் கேட்க வேண்டும்.

"1995-ல உங்களுக்கு ஒரு தண்டனை ஆச்சு. அதை ஒத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னை ஞாபகம் இருக்கா, ஐயா?"

"இருக்கும்மா."

"அன்னிக்கும் இப்படித்தான் கேட்டீங்க. நான் நடுங்கிப்போய் நின்னேன். 'ஆமான்னு சொல்லும்மா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பே'ன்னீங்க. ஆமான்னேன். போயிட்டேன்."

மார்ஜ் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"இப்பவும் ஆமாதான், ஐயா. வீட்டுக்குப் போகலாமா?"

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்போம். நிஜமாகவே கேட்டாள்.

என் இயந்திரத்தில் சொற்கள் மட்டும்தான் பதியும். அவர் பேசாமல் இருந்த நேரம் எந்தப் பதிவிலும் இல்லை. கடைசியில், "இல்லம்மா," என்றார். தட்டினேன். அதற்குப் பிறகு அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண்தான். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். சத்தம் வரவில்லை.

டார்லாதான் எடுத்துக்கொடுத்தாள்.

"இருபது, ஐயா. மார்ஜ் சொல்லியிருக்காங்க."

அவர் அதைத் திருப்பிச் சொன்னார்.