ஒருமனதாக எழுந்த ஏழு கைகள்

கிழக்கே பழவேற்காட்டு உப்பங்கழி விடியலின் ஒளியை வாங்கி மின்ன, மேற்கே நாகலாபுரத்து மலைகள் இன்னும் துயில் கலையாமல் நீலப் போர்வைக்குள் கிடக்க, நடுவே ஆரணியாறு நீர் குறைந்து மணல் மிகுந்து, காயப்போட்ட பழந்துணி போல நெளிந்து செல்லும் நாட்டை, கற்றறிந்த நண்பரே, நீர் கண்டிருப்பீர். கும்மிடிப்பூண்டிப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, ஊத்துக்கோட்டை நோக்கி மாட்டுவண்டியில் அரைநாள் சென்றிருப்பீராயின் கட்டாயம் கண்டிருப்பீர். குடியரசு பிறந்து எட்டாண்டுகள் நிறைந்திருந்த ஒரு மாசித் திங்களில், அந்த ஆற்றின் தென்கரையிலிருந்த கொன்றையம்பேடு என்னும் சிற்றூர் பொழுது புலர்வதற்கு முன்பே விழித்துக்கொண்டது. ஊர் என்றால் முழு ஊரும் அன்று. சேரிப் பெண்கள் மட்டுமே விழித்தார்கள். தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக அவர்கள் ஆற்றுக்குள் இறங்கி, மணலை முழங்கை ஆழம் தோண்டி, ஊறிவரும் கலங்கல் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு நிரப்பினார்கள். ஒரு குடம் நிறைய அரை நாழிகை ஆகும்.

ஊர்த்தெருவில் நான்கு கிணறுகள் இருந்தன. சேரியில் ஒன்றுகூட இல்லை. தெருக்கிணற்றில் சேரியார் கயிறு விடலாகாது என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமல், ஆயினும் எழுதிய சட்டத்தைக் காட்டிலும் இறுக்கமாக அங்கே நின்று நிலவிய வழக்கம். முந்திய கோடையில் ஆற்றூற்று நீரைக் குடித்து, ஒரே கிழமைக்குள் மூன்று குழந்தைகள் வயிறு கழிந்து மாண்டுபோயின. அவற்றுள் ஒன்று, ஞானம்மா என்னும் களையெடுப்பவளின் மகன் சின்னதுரைக்குப் பிறந்து ஓராண்டும் நிரம்பாத பெண்மகவு. அடுத்த கோடை வருவதற்குள் சேரிக்குள் ஒரு கிணறு வேண்டும் என்பதைத் தவிர ஞானம்மாவுக்கு இவ்வுலகில் வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

அந்த வேண்டுதலை எழுத்தில் வடித்துக் கொடுத்தவன் பரசுராமன். ஊர்த்தெருவிலே ஓட்டுவீடும், ஏரிக்கரையிலே கொஞ்சம் நன்செயும் உடையவன். நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவன். அதைவிட, நல்ல தமிழ் எழுதுகிறோம் என்பதை நன்றாகத் தெரிந்தவன். வெள்ளையர் ஆண்ட நாள் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகளில் அவன் சேரிக்காகப் பதினொரு விண்ணப்பங்கள் எழுதினான். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும், பெருவிரல் வைப்பதற்கு முன் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பது அவன் வகுத்துக்கொண்ட முறை. எழுத்தறியாதவர்கள் தாம் எதற்கு விரல் வைக்கிறோம் என்பதை அறியவேண்டும் என்பான். கூலி வாங்கமாட்டான். விண்ணப்பங்கள் செங்கற்பட்டுக்குப் போயின, சென்னைக்குப் போயின, ஒன்று தில்லிக்கே போயிற்று. ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை. அப்போதெல்லாம் அவன் தேநீர்க்கடையில் அமர்ந்து, எட்டாத உயரத்தில் இருப்பவனுக்கு நம் ஊர்த் தாகம் எப்படித் தெரியும், உரிமையை நம் கையில் கொடுக்கட்டும், மூன்றே திங்களில் கிணற்றை வெட்டிக் காட்டுகிறேன் என்று முழங்குவான். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், அவனும் வீடு திரும்பி நிறைவோடு உறங்குவான்.

உரிமை வந்தது. தில்லியில் குவிந்து கிடந்ததில் கொஞ்சம் சென்னைக்கும், சென்னையில் இருந்ததில் கொஞ்சம் மாவட்டத்துக்கும் இறங்கி, கடைசியாக ஊர்தோறும் ஊராட்சி என்னும் பெயரோடு வந்து சேர்ந்தது. சேரியின் வாக்கு ஒன்றுகூடச் சிதறாமல் பரசுராமனுக்கே விழ, அவன் கொன்றையம்பேட்டுக்குத் தலைவனானான். சட்டம் சேரிக்கென ஒதுக்கிய இருக்கைக்குச் சின்னதுரை வந்தான். ஊரில் பாதி நிலத்துக்கு உரியவனான ஆதிகேசவனும், அவன் பங்காளிகள் மூவரும், பழவேற்காட்டிலிருந்து வந்து தெருமுனையில் கருவாடும் பலசரக்கும் விற்ற நூர் அகமதுவும் மற்ற உறுப்பினர்கள். ஒரு நாள் வளர்ச்சி அலுவலர் ஒருவர் மிதிவண்டியில் வந்து இறங்கினார்.

"ஒரு குடிநீர்க் கிணற்றுக்கு வேண்டிய பொருளை அரசு தரும். எங்கே தோண்டுவது என்பதை உங்கள் ஊராட்சியே முடிவு செய்யவேண்டும். அதில் செங்கற்பட்டும் தலையிடாது, சென்னையும் தலையிடாது" என்று சொல்லி, ஒரு குவளை மோர் குடித்துவிட்டுப் போனார்.

கூட்டம் ஊர்ச்சாவடியில் கூடிற்று. உறுப்பினர் எல்லாரும் ஒரே பலகையில் அமரவேண்டும் என்பது விதி. அலுவலர் வரும் நாள்களில் அந்த விதி நடந்தது. மற்ற நாள்களில் சின்னதுரை சாவடிக்கு வெளியே மணலில் குந்தியிருப்பான்; வாக்கெடுப்பின்போது அவன் கை உயர்ந்ததா என்பதைக் கதவு வழியாக எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்வார்கள். இது தவறு என்பது பரசுராமனுக்குத் தெரியும். முதலில் கிணறு, பிறகு பலகை என்று தனக்குத் தானே ஒரு நாள் குறித்து வைத்திருந்தான். அந்த நாளை மறுபடி மறுபடி தள்ளிப்போட்டும் வந்தான்.

"இன்னா பரசுராமா, ரொம்ப யோசிக்கிறே?" என்றான் ஆதிகேசவன். "தெருவுல நாலு கெணறு கீதேன்னு பாக்கிறியா? நாலும் உப்பு. உன் ஊட்டுக்கு எதிர்ல தோண்டினா இளநியாட்டம் தண்ணி வரும்னு நீரோட்டம் பாக்கிறவன் சொல்லிக்கீறான். சேரி சனத்துக்கு நாம மொண்டு ஊத்தினா போச்சு. வேணாம்னு யாரு சொன்னாங்க?"

பரசுராமன் அப்போது மறுத்திருக்கலாம். ஆதிகேசவனுடைய ஏர்மாடு இன்றித் தன் நிலம் உழப்படாது என்ற அச்சம் இருந்தது உண்மை. தெருவார் முகம் திருப்புவார்களே என்ற கூச்சமும் இருந்தது. ஆனால் நண்பரே, அவற்றுக்கெல்லாம் அடியில், தன் வீட்டு வாயிலிலிருந்து பத்து எட்டில் இனிய நீர்க் கிணறு என்றதும் உள்ளுக்குள் துளிர்த்த ஓர் ஆசை இருந்ததே, அதைத்தான் அவன் பின்னாளில் எண்ணி எண்ணி நாணினான். உப்புநீரில் பருப்பு வேகவில்லை என்று நாள்தோறும் குறைப்படும் தன் மனைவி செல்வியின் முகம் மலர்வதையும் அவன் அந்த நொடியில் கண்டுவிட்டான். "சரி, கை தூக்குங்கள்" என்றான்.

ஆதிகேசவன் கை முதலில் எழுந்தது. பங்காளிகள் மூவர் கையும் உடனே எழுந்தன. நூர் அகமது தாடியைத் தடவிக்கொண்டு சற்றுத் தயங்கி, தன் கடைக்கு வருவோர் யாவரும் தெருவார்தாம் என்பது நினைவுக்கு வர, தானும் தூக்கினான். ஆதிகேசவன் கதவுப் பக்கம் சாய்ந்து, "சின்னதுரை, தூங்கிப்பூட்டியாடா?" என்று கேட்டான். வெளியே மணலில், குழந்தையைப் புதைத்து ஓராண்டும் ஆகாத அந்தக் கை மெல்ல எழுந்தது. ஆறு கைகள் ஆயின. ஏழாவது கை தேவையே இல்லை. அது எழாதிருந்தாலும் முடிவு மாறியிராது. இருந்தும் பரசுராமன் தூக்கினான். ஆறு பேர் செய்ததில் தான் மட்டும் தனித்து நிற்பானேன் என்று தூக்கினான். பிறகு, அழகிய கையெழுத்தில், 'ஒருமனதாக' என்று ஏட்டில் எழுதினான்.

மூன்றாம் நாள் காலையில் ஞானம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் சேரியார் இருபது பேர் தெருவோரத்தில் நின்றார்கள்.

"மனு எழுதணும், ஐயா" என்றாள்.

"யாருக்கு?"

"பஞ்சாயத்துத் தலைவருக்குத்தான். இப்ப எல்லாம் அவர் கையிலதான் கீதுன்னு சொல்றாங்க."

அவள் கேலி செய்கிறாளோ என்று பரசுராமன் அவள் முகத்தை உற்று நோக்கினான். கேலி இல்லை. வழக்கமாக எழுதித் தருபவனிடம் வழக்கம்போல வந்திருந்தாள், அவ்வளவே. கேலியாயிருந்திருந்தால் சினந்தாவது தப்பித்திருப்பான்.

"அது முடிஞ்சிபோச்சி, ஞானம்மா. எல்லாரும் ஒத்துக்கினாங்க. உன் மவனும்தான் கை தூக்கினான்."

சொல்லி முடிக்கும்முன்பே அவன் காது சுட்டது. இதைக்காட்டிலும் இழிந்த சொல்லைத் தன் வாழ்நாளில் தான் சொன்னதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. ஞானம்மா தலையை ஆட்டினாள்.

"தூக்கினான். மூணு நாளா சோறு துன்னாம சுருண்டுக்கினு கெடக்கிறான். அவன் கை அவனுது இல்லீங்க, ஐயா. ஆதிகேசவ ஐயா நெலத்துல எறங்கினாத்தான் அந்தக் கைக்குக் கூலி. உங்க கை உங்களுதுதானே?"

பரசுராமன் உள்ளே சென்று தாளும் எழுதுகோலும் எடுத்து வந்து அமர்ந்தான். பதினொரு முறை தங்குதடையின்றி ஓடிய கை அன்று ஒவ்வோர் எழுத்துக்கும் நின்றது. தொலைவிலிருந்த ஆட்சியை 'இரக்கமற்றோர்' என்றும் 'இருசெவியும் அடைத்தோர்' என்றும் எத்தனை எளிதாக எழுதியிருக்கிறான்! அவற்றில் ஒன்றையும் இப்போது அவனால் எழுத முடியவில்லை. நடந்ததை மட்டும் எழுதினான். முடிந்ததும் தாளை மடித்து நீட்டினான்.

"படிச்சிக் காட்டுங்க. கேட்டுட்டுத்தான் வெரல் வைக்கணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க."

அவன் எழுந்து நின்றான். எதிர்வீட்டார் வாயிலுக்கு வந்து பார்த்தார்கள். கதவின் பின்னால் செல்வி நிற்பது தெரிந்தது. உரக்கப் படித்தான்:

"கொன்றையம்பேட்டு ஊராட்சித் தலைவர்க்குச் சேரிக் குடிகள் எழுதிக்கொள்வது. எங்களுக்குக் கிணறு வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டவர் தாங்கள். கிணறு வந்தபோது அதைத் தங்கள் வாயிலில் வைத்துக்கொண்டவரும் தாங்களே. தங்கள் கை எழாமலே அம்முடிவு நிறைவேறியிருக்கும். இருந்தும் தாங்கள் கை தூக்கினீர்கள். எங்கள் பிள்ளைகள் இன்னும் ஆற்றூற்றையே குடிக்கின்றனர்."

ஒருவர் பின் ஒருவராக வந்து விரலை மையில் தோய்த்து வைத்தார்கள். கடைசியாக ஞானம்மா வைத்தாள்; தாளை இரு கையாலும் எடுத்து அவனிடமே கொடுத்தாள்.

"பதில் எப்ப வரும், ஐயா?"

அந்தக் கேள்வியையும் அவள் பதினொரு முறை கேட்டிருக்கிறாள். மேலிடத்தார் இரங்கவேண்டும் என்று அவனும் பதினொரு முறை கையை விரித்திருக்கிறான். இப்போது கையை விரிக்க மேலே எவரும் இல்லை. அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

வைத்தான், அதை மறைப்பதற்கில்லை. சின்னதுரையை உள்ளே வந்து பலகையில் அமரச் சொன்னான். அவன் நிலைப்படி வரை வந்து, அதற்கு மேல் கால் வராமல், கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றுவிட்டான். கிணற்றைச் சேரிக்கு மாற்றவேண்டும் என்று பரசுராமன் கைகூப்பிக் கேட்டான். ஆதிகேசவன் ஏட்டைப் புரட்டி, "இன்னாப்பா இது, ஒருமனதாகன்னு நீ எழுதின எழுத்துதானே? மை காயறதுக்குள்ள உனக்கு வேற மனசு வந்துடுச்சா?" என்று சிரித்தான். நூர் அகமது மட்டும் இம்முறை தலைவன் பக்கம் கை தூக்கினான். சின்னதுரையின் கை எப்பக்கமும் எழவில்லை. இரண்டுக்கு நான்கு என்று பழைய முடிவே நின்றது.

பரசுராமன் அன்றே பதின்மூன்றாம் விண்ணப்பத்தை எழுதிச் செங்கற்பட்டுக்கு விடுத்தான். வியப்பைக் கேளும்: பதினெட்டு ஆண்டுகளாக வாராத மறுமொழி இம்முறை பத்தே நாளில் வந்துவிட்டது. 'இது முழுதும் தங்கள் ஊராட்சியின் உரிமைக்கு உட்பட்டது. நாங்கள் தலையிடுவதற்கில்லை' என்று அதில் இருந்தது. அவன் அதைப் பலமுறை படித்தான். அதில் குறைசொல்ல ஒரு சொல்லும் அகப்படவில்லை. அவன் தேநீர்க்கடையில் அமர்ந்து வேண்டியதும் இதைத்தானே.

உரிமை தொலைவில் இருக்கும்வரை, நண்பரே, நல்லவனாக இருப்பது எளிது. நம் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பதை அதுவரை யாரும் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. அது வீடுதேடி வந்து, எங்கே தோண்டலாம் சொல் என்று வாய்திறந்து கேட்கும் நாளில்தான் நாம் இன்னார் என்பது ஊருக்கும் நமக்கும் ஒருங்கே தெரிகிறது. பரசுராமனுக்கு அது தெரிந்தது; தெரிந்தபின் அவன் தேநீர்க்கடைக்குப் போவதை விட்டுவிட்டான்.

சித்திரை பிறக்கும் முன் கிணறு வெட்டி முடிந்தது. நீர் இளநீராகவே இனித்தது. மொண்டு ஊற்றுவதாகச் சொன்னவர்கள் நான்கு நாள் ஊற்றினார்கள். பிறகு அவரவர்க்கு அவரவர் வேலை. கைப்பிடிச் சுவரில் ஒரு கருங்கல்லைப் பதித்து, ஊராட்சித் தலைவர் பரசுராமன் காலத்தில் தோண்டப்பட்டது என்று பொறித்திருந்தார்கள். விடியலில் சேரிப் பெண்கள் வெறுங்குடத்தோடு அந்தக் கல்லைக் கடந்தே ஆற்றுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் அவன் வீட்டு முன்கதவு திறப்பதில்லை. ஞானம்மாவுக்கு ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லில் இருப்பது யார் பெயர் என்பதை அவள் அறிந்திருந்தாள்.