அரண்மனை முரசும் கென்கிக்கடைக்காரியும்

மரம் குடைந்து முரசு செய்யும் பெடியாத்துவோவின் குரல் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் செய்த முரசுக்குள் போய்விட்டது. முரசின் குரல் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது. குற்றம் அவருடையதுதான். முரசைச் செய்தவன் அதைத் தன் தலையில் சுமந்து ஊர் தாண்டினால் புத்தியோ குரலோ பிசகும் என்பது எங்கள் அசாந்தே நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மரத்தை வெட்டுமுன் முட்டை உடைத்து மன்னிப்புக் கேட்கிற மனிதருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சுமக்கவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான், முரசோ அன்றே அரண்மனைக்குப் போயாக வேண்டும். அதைவிட, அரண்மனை வாசலில் சோளமாவை உருண்டை பிடித்துக் கென்கியாக அவித்து விற்கும் போவாசெமா, புருஷனை இழந்தவள், மறுநாள் கடையை ஏறக்கட்டிவிட்டுக் குமாசிப் பட்டணத்தில் தம்பி வீட்டோடு போகப்போவதாகச் சொல்லியிருந்தாள். ஏழு வருடமாக அரண்மனை வேலைக்கு வரும்போதெல்லாம் அவள் கையால் சாப்பிடுகிறவருக்கு, மனதில் இருப்பதைச் சொல்ல அந்த ஒரு நாள்தான் மிச்சம்.

ஒன்பது மைல் நடந்து, முரசை உள்ளே ஒப்படைத்துவிட்டு, அவள் அடுப்புக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தார். டும் என்றது. முரசு மொழி புரியாதவர் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் முரசு எதையும் சுருக்கிச் சொல்லாது. ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடவே அவள் குலத்தையும், குலம் கடந்துவந்த ஆற்றையும் வாழ்த்தி முடிக்க வேண்டும். பெடியாத்துவோ வேர்த்து விறுவிறுத்து அவள் முப்பாட்டன் வரைக்கும்தான் வந்திருந்தார்.

"எங்க வம்சம் எனக்கே தெரியும்யா," என்றாள் போவாசெமா. "உமக்கு என்ன வேணும், அதச் சொல்லும்."

அதே நேரம் உள்ளே சபை கூடியிருந்தது. முரசறைபவன் புது முரசில் கோலை வைத்ததும் பெடியாத்துவோவின் கரகரத்த குரல் மதில் தாண்டிக் கேட்டது: "போவாசெமா, போகாத புள்ள. உன் கென்கியில உப்புக் கூடத்தான். ஆனா அதத் தின்னாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கு." முன்னோரை வணங்க எழுந்த பெரியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

இருவரையும் உள்ளே அழைத்தார்கள். ஊர்த்தலைவர் நானா சபையில் தன் வாயால் பேசுவதில்லை. அவருக்காகப் பேசுகிறவர் பெடியாத்துவோவைப் பார்த்து, "இத்தன நாளு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்றார். முரசின் தோலைக் கிழித்தால் அவர் குரல் அவரிடமே திரும்பிவிடும் என்று பூசாரி சொன்னார். கத்தி வந்தது.

"கிழிக்காதீங்க நானா," என்றாள் போவாசெமா, மாவுக் கையோடு. "இந்த மனுசன் சொந்த வாயால ஏழு வருசமா 'ரெண்டு கென்கி குடு'ங்கறதத் தவிர ஒரு வார்த்த பேசல."

பெடியாத்துவோ கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவள் குமாசிக்குப் போகவில்லை. முன்னோரை வாழ்த்த அரண்மனை வேறொரு முரசு செய்வித்தது. அதை வேறொருவன் சுமந்தான். இது நடந்து பதினாறு வருடமாகிறது. காலையில் பெடியாத்துவோ மனைவியைக் கூப்பிடத் தொடங்கினால், பேர் வருவதற்குள் கஞ்சி கொதித்து ஆறியும்விடுகிறது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிவரை கேட்கிறாள்.