இல்லாத நாய்க்கு ஒரு பாராட்டு

அந்த ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே புகழ்ந்தால், அவருக்கு ஏதோ தீராத வியாதி என்று அர்த்தம். கல்யாணம் நிச்சயமானால் "பாவம் அந்தப் பையன்" என்பார்கள். புது வீடு கட்டினால் "இனிமே நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?" என்பார்கள். பிரியம் இல்லாமலில்லை, அதைக் கிண்டலில் சுற்றித்தான் கொடுப்பார்கள். ஸ்லைகோ கடற்கரையில் அறுபத்துமூன்று வருடம் இப்படியே வாழ்ந்து பழகிய அட்ராக்டாவுக்கு, ஒரு பிப்ரவரிக் காலையில், ஐந்து பத்தி நீளத்துக்கு அவளைப் புகழ்ந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அண்ணன் ஃபீலிம் இருபத்திரண்டு வயதில் மீன்பிடிப் படகோடு போனவன், படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவனைப் பற்றி ஏழு வருடம் எழுதி, 'ஈரம் காயாத வீடு' என்று பெயர் வைத்து, கைக்காசைப் போட்டு அச்சிட்டாள். ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள். அட்டை நன்றாயிருக்கிறது என்றார்கள். எழுத்து கொஞ்சம் பொடிசு என்றார்கள். படித்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாராவது ஒரு மனுஷர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.

"உங்கள் அம்மா ஃபீலிமின் ஸ்வெட்டரைத் துவைக்காமல் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, வாசனை தீர்ந்துவிடுமோ என்று உடனே மூடிவிடுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்த நான், அரை மணி நேரம் திரும்ப எடுக்கவில்லை," என்று எழுதியிருந்தாள் பெனலோப் ஹார்ட்லி. லண்டனில் நாலாயிரம் பேர் கொண்ட வாசகர் வட்டத்துக்குத் தலைவியாம். மே மாதப் புத்தகமாக இதை எடுத்துக்கொள்ள ஆசையாம். ஏற்பாட்டுச் செலவுக்கு மட்டும் இருநூற்று நாற்பது யூரோ. அட்ராக்டா அடுப்படியில் நின்றபடியே அழுதாள். அழட்டும், யார் கேட்பது?

புதன்கிழமை மதியம் நூலகத்தின் பின்னறையில் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் தன் எழுத்தைப் படித்து முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் பிய்த்து உதறுவார்கள். 'அருமை' என்று யாராவது சொல்லிவிட்டால் அரை யூரோ அபராதம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் கோல்மன், எழுபது வயது, சுங்கத்துறையில் முப்பது வருடம் பெட்டி திறந்து பார்த்தவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தார்.

"இந்தப் பொம்பள உன் புத்தகத்தப் படிக்கவே இல்ல."

"ஏன், படிக்கக் கூடாதா?"

"இணையக் கடையில மொத ரெண்டு அத்தியாயம் சும்மா தெறந்து கிடக்கு. டப்பா வர்றது ரெண்டாவதுல. அதுக்கப்புறம் இருக்கறதப் பத்தி ஒரு வரி காட்டு பாப்போம். இந்த மாதிரி லெட்டர் எழுதித் தள்ளறதுக்கு மெஷினே வந்தாச்சு அட்ராக்டா."

"லண்டன்லேருந்து உங்களுக்கு யாரும் எழுதலன்னு வயித்தெரிச்சல்."

"எனக்கா? என் பொண்டாட்டியே எனக்கு எழுத மாட்டா. ஃப்ரிட்ஜ்ல சீட்டு ஒட்டுவா, அதுல பால்னு மட்டும் இருக்கும்."

கிரானியா வாய்விட்டுச் சிரித்தாள். அங்கே இருந்தவர்களில் அவள்தான் சின்னவள், முப்பத்தெட்டு வயது. கடல்நாய்க் குட்டிகளை வரைந்து வாழ்த்து அட்டைகளும் ஒரு படப்புத்தகமும் அச்சிட்டு, சனிக்கிழமைச் சந்தையில் மடக்கு மேசை போட்டு விற்பவள். மழை வந்தால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. அதனால் துறைமுகத் தெருவில் ஒரு சின்னக் கடை எடுக்க மூன்று வருடமாக முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, எங்க வழியில ஒரு சோதனை வெப்போம்," என்றார் கோல்மன். "பெட்டியில இல்லாத சாமானைப் பத்திக் கேக்கணும். ஒழுங்கான ஆளு, அப்படி ஒண்ணும் இல்லையேன்னு முழிப்பான். திருடன் உடனே ஆமா சாமின்னுருவான். உன் புத்தகத்துல நாய் இருக்கா?"

"இல்ல."

"அப்போ, பாதிரியாரோட நாய் சாகற எடம் ரொம்ப நீளமா இருக்கோன்னு எழுதிக் கேளு."

எழுதினாள். மறுநாள் காலை பதில் வந்தது. "தயவுசெய்து ஒரு சொல்லைக்கூட வெட்டிவிடாதீர்கள். பாதிரியாரின் நாய் துறைமுகக் கல்லில் படுத்து உயிரை விடுகிறபோது, வராத படகுக்காக ஊரே காத்திருந்தது எனக்குப் புரிந்தது."

அட்ராக்டாவுக்குப் படித்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அதில் சந்தேகம் வேண்டாம், அவள் அசடு அல்ல. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். புத்தி அங்கேயேதான் இருந்தது. ஆனால் நாய் இல்லை என்றால் டப்பாவும் பொய், அந்த அரை மணி நேரமும் பொய். தன் அம்மாவின் டப்பாவுக்காக உலகத்தில் ஒரே ஒருத்தி புத்தகத்தைக் கீழே வைத்தாள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாளே, அதை அவளால் விட முடியவில்லை. பணத்தை அனுப்பினாள். தெரிந்தேதான் அனுப்பினாள்.

அதோடு நின்றிருந்தால் போனது அவள் காசு மட்டும். அடுத்த புதன்கிழமை கோல்மன் கேட்டார்.

"என்னம்மா, நாய் குலைச்சுதா?"

"குலைக்கல," என்றாள் அட்ராக்டா. "என் பிரதியில நாயே இல்லையே, பக்கம் ஏதும் விட்டுப்போச்சான்னு கேட்டிருக்கா."

அவர் புருவம் உயர்ந்தது. "அப்படியா! அப்போ நான்தான் அவ மேல அநியாயமாச் சந்தேகப்பட்டிருக்கேன். மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு." பையில் துழாவி அரை யூரோவை எடுத்து அபராதக் கிண்ணத்தில் போட்டார். "அருமையான புத்தகம் எழுதியிருக்கே. இதுக்கு மேல எங்கிட்ட சில்லறை இல்ல." அட்ராக்டாவின் கன்னம் சூடானது. அந்த வார்த்தைக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பாள்.

ஏப்ரலில் அதே பெனலோப் கிரானியாவுக்கும் எழுதினாள். கடல்நாய்க் குட்டிகளின் கண்ணில் தன் மகளைக் கண்டாளாம். லண்டன் கண்காட்சியில் அரங்கு, முப்பது கடைகளில் அட்டைகள், பத்திரிகை விளம்பரம், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. கிரானியா அதை அட்ராக்டாவிடம் காட்டவில்லை. ஏற்கெனவே சோதித்துப் பார்த்த ஆள்தானே, வேலை முடிந்ததும் ஒரேயடியாகச் சொல்லி அசத்தலாம் என்றிருந்தாள். கடைக்கான முன்பணம் முழுவதும் போயிற்று.

மே மாதம் வந்தது. அட்ராக்டாவின் புத்தகத்துக்கு லண்டனில் எந்த வட்டமும் கூடவில்லை. இன்னொரு இருநூறு கட்டினால் ஜூனில் கூடும் என்று பதில் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது புதன்கிழமை, கிரானியா ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"கண்காட்சிக்காரங்களுக்கு போன் பண்ணேன். பெனலோப்னு யாரையும் அவங்களுக்குத் தெரியாதாம். முப்பது கடையில ஒம்பது கடைக்குக் கூப்பிட்டேன், ஒருத்தனும் என் பேரக் கேட்டதில்ல. போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. திரும்பக் கெடைக்கும்னு எதிர்பாக்காதீங்கன்னாங்க." அட்ராக்டா பக்கம் திரும்பினாள். "உங்களையும் ஏமாத்திட்டா, தெரியுமா? அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

கோல்மன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "சோதனையில தேறிட்டாளேம்மா. முப்பது வருஷத்துல அது என்னை ஏமாத்தினதே இல்ல. நான் சொன்னத நம்பித்தானே நீ... எனக்கு மூளை கலங்கிடுச்சா? போன வாரம்கூட வண்டிய எங்க நிறுத்தினேன்னு தெரியாம நின்னேன். என் பொண்டாட்டி டாக்டரப் பாருங்கன்னா."

அட்ராக்டா அவரைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் கிழவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

"உங்க மூளைக்கு ஒண்ணுமில்ல, கோல்மன்," என்றாள். "நாய் சாகற எடத்துல ஒரு சொல்லக்கூட வெட்டாதீங்கன்னுதான் அவ எழுதியிருந்தா. நான் மாத்திச் சொன்னேன்."

கோல்மன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரிஞ்சேவா?" என்றாள் கிரானியா.

"தெரிஞ்சேதான்."

"காசு போனது என் முட்டாள்தனம். அதுக்கு உங்களத் திட்ட மாட்டேன். ஆனா நீங்க சோதிச்சுப் பாத்தாச்சுங்கறதாலதான் நான் யாரையும் கேக்கவே இல்ல. அந்தப் பொய்யச் சொன்னப்ப நான் இங்கதானே உக்காந்திருந்தேன். என்னை ஒரு நிமிஷமாவது நெனச்சீங்களா?"

"இல்லம்மா," என்றாள் அட்ராக்டா. அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதுதான் உண்மை.

கிரானியா எழுந்து போனாள். கோல்மன் போகும்போது நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டுப் போனார். ஒரு வசவுகூட இல்லை, ஒரு கிண்டல்கூட இல்லை. அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது. அடுத்த புதன்கிழமை அட்ராக்டா போனபோது பின்னறை பூட்டியிருந்தது. அவர்கள் இப்போது கோல்மன் வீட்டில் கூடுகிறார்கள் என்று நூலகப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலை அட்ராக்டா தேநீரை ஆறவிட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். "நீ யாரென்று எனக்குத் தெரியாது. பெனலோப் இல்லை என்று தெரியும். நீ படிக்கவில்லை என்பதும் தெரியும். என் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. புத்தகத்தை முழுதாக இதோடு அனுப்பியிருக்கிறேன். எட்டாம் அத்தியாயத்தில் என் அம்மா சாகிறாள். அதை மட்டுமாவது படி. பிடிக்கவில்லை என்றாலும் சரி, அதையே எழுது."

அனுப்பிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். கழுவி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எட்டாம் அத்தியாயம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டதென்றும், அதைத் திரைப்படமாக்க ஒரு நண்பர் ஆவலாயிருக்கிறார் என்றும், முதல்கட்டச் செலவு இவ்வளவு என்றும் பெனலோப் ஏழு பத்தி எழுதியிருந்தாள். அட்ராக்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் கடைசிவரை படித்தாள்.