இனிப்பா, புளிப்பா

வாயில் நிற்கிறது அந்தச் சிவப்பு, கன்னத்துக்குள் ஒதுங்கி மெல்ல நாக்கைச் சுருக்குகிறது, நாவற்பழம் தின்ற மத்தியானம்போல, மேசையோரத்தில் துப்புவதற்கென்றே ஒரு வாளி, இங்கே எல்லோரும் ருசி பார்த்துவிட்டு அதில் துப்புகிறார்கள், துப்புங்க மைனி, இன்னும் நெறைய வகை இருக்கு என்கிறாள் செலஸ்தீன், என் வீட்டுக்காரரின் தங்கை, இந்த வெளிநாட்டில் போர்த்தோ நகரத்தில் நர்ஸ், பூசையில் பீடத்தில் வைக்கிற திராட்சை ரசத்தை எப்படித் துப்புவது, கேட்க வாயைத் திறக்க முடியாமல் விழுங்கிவிட்டேன், அவள் சிரித்தாள், அடுத்ததையும் விழுங்கினேன், அது கிராம்பும் ஈரமரமும் மணத்தது, அதற்கடுத்தது மழை விழுந்த இரும்புபோல, ஒரே மலைச்சரிவு, ஒரே குடும்பத்தின் திராட்சைக் கொடிகள், எப்படி இத்தனை ருசி என்று கிளாஸுக்குள் மூக்கை விட்டுப் பார்க்கிறேன், ஜன்னலுக்குக் கீழே ஆறு வளைந்து போகிறது, இவற்றில் எதுவுமே அது இல்லை.

அதை நான் ருசித்தது ஆயுளில் ஒரே தடவை, தூத்துக்குடியில், எங்கள் கல்யாணப் பூசையில், மணமக்களுக்கு மட்டும் அப்பத்தை ரசத்தில் தோய்த்து நாக்கில் வைப்பார்கள், முதலில் அவருக்கு, பிறகு எனக்கு, சாமியார் திரும்புவதற்குள் அவர் தலையைச் சாய்க்கிறார், புளிக்குது, என்னட்டி என்கிறார், இல்லை என்று நான் தலையாட்டுகிறேன், பீடத்துக்கு முன்னாலேயே முதல் சண்டை, அதற்குப் பிறகு அது ஓயவே இல்லை, வருஷத்தில் பாதி அவருக்குக் கப்பலில் எஞ்சின் அறை, வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் இன்னும் இனிப்புதானா என்பார், இனிப்புதான், பதனீர் மாதிரி என்பேன், உன் நாக்குல கோளாறுட்டி என்பார், வேறு எதற்கோ சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருக்கிற நாட்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் சமாதானத்துக்கு வருவார், ரிட்டயர் ஆனதும் தங்கச்சி ஊருக்குப் போவோம், ஒவ்வொண்ணாக் குடிச்சுப் பாத்துத் தீத்துக்குவோம் என்பார், போன தவக்காலத்தில் ஆஸ்பத்திரியில், முகத்தில் ஆக்சிஜன் மூடி, உதடு அசைந்தது, எனக்குத் தெரியாதா என்ன கேட்கிறார் என்று, இனிப்புதான் என்றேன் காதோடு, இல்லை என்று தலையை ஆட்டினார், கடைசியாக அவர் என்னிடம் சொன்னது அந்த இல்லைதான், வருஷப் பூசை முடிந்ததும் நான் மட்டும் விமானம் ஏறினேன்.

கோயிலுக்கு எதைக் கொடுப்பார்கள் என்று கேளு என்றேன் செலஸ்தீனிடம், அவள் அவர்கள் பாஷையில் கேட்டாள், தோட்டத்துக்காரி இல்தா, அறுவடைக் காலத்தில் தானே தொட்டிக்குள் இறங்கிப் பழம் மிதிக்கிறவள், கையைத் துடைத்துக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னாள், சிவப்பு பட்டால் பீடத்துணியில் கறை போகாதாம், அவர்கள் ஊர்ச் சாமியார் வெள்ளைதான் கேட்பாராம், வெள்ளையா, சிவப்பென்றுதானே நினைத்திருந்தேன், இப்போது அந்தப் பீடத்தைத் திரும்பப் பார்க்கிறேன், தோய்த்த அப்பத்தின் நுனியில் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகிறது, பொன்னிறமாகிறது, அவர் போட்டிருந்த கோட்டு நீலமா கறுப்பா, அதுவும் தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் அவர் தலையை ஆட்டியது எனக்குச் சொன்ன பதில்தானா, மூடி உறுத்தியதாலா.

இல்தா உள்ளே போய் ஒரு குட்டைப் பாட்டிலோடு வந்தாள், வெயிலின் நிறத்தில் ஒரு விரல் அளவு ஊற்றினாள், கோயிலுக்குப் போவது இதுதானாம், மோந்து பார்த்தேன், உலர்ந்த பழமும் மெழுகும், வாயில் விட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், அவர் தோள் என் தோளில் உரசுகிறது, புதுத்துணி வாசனை, முழங்காலுக்குக் கீழே மெத்தைப்பலகை, நாக்கு முழுக்க இனிப்பு, பதனீரேதான், சந்தேகமே இல்லை, கண்ணைத் திறந்தால் செலஸ்தீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் அண்ணனைப்போலவே ஒரு புருவத்தைத் தூக்கி, என்ன மைனி, அண்ணன் தோத்தாச்சா என்கிறாள்.

வாயில் நிற்கிறது அந்த வெள்ளை, இறக்காமல் வைத்திருக்கிறேன், இறக்கினால் பதில் சொல்லியாக வேண்டும், எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது, விழுங்கினேன், கிளாஸை இல்தா பக்கம் நகர்த்தினேன், சரியாத் தெரியலட்டி, லேசாப் புளிக்கிற மாதிரியும் இருக்கு, இன்னொண்ணு ஊத்தச் சொல்லு.