நாலாவது பிளக்கு

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஈரமான செம்மண் சாலை நினைவில் இருக்கிறது. ஆனால் அங்கம்மா வெயில் படாமல் தன் சேலைத் தலைப்பைக் கணவனின் முகத்துக்கு மேல் பிடித்திருந்ததும் நினைவில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் இருந்திருக்கலாம். சாவிக்கொத்து விஷயத்திலும் இப்படித்தான். அதை வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்ததாகவே பல வருடங்கள் எண்ணியிருந்தேன். அந்த ஆணிகூடக் கண்ணுக்குத் தெரியும். பிறகு ஒருநாள், எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆணியே இருந்ததில்லை என்பது புரிந்தது.

வருடம் 1934. சாஆ என்ற ஊரிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுபவன். ரப்பர் விலை விழுந்து, படித்தவர்களைக்கூட ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்த காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வேலை இருந்தவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு கார் இருந்தது. முன்பிருந்த டிரைவர் துரை இல்லாத நாளில் அதை யோங் பெங் வரை ஓட்டிப்போய் மரத்தில் மோதிவிட்டான். அதன்பின் துரை வெளியூர் போகும்போதெல்லாம் எஞ்சினின் நாலு பிளக்குகளில் ஒன்றைக் கழற்றச் சொல்லி வாங்கி, ஆபீஸ் மேசையின் லாச்சியில், அதாவது இழுப்பறையில், வைத்துப் பூட்டிவிடுவார். விரல் நீளப் பீங்கானும் இரும்பும்தான் பிளக்கு. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி அதன் நுனியில் விழுகிறது. ஒன்றைக் கழற்றினால் அந்த இடம் வெறும் ஓட்டை. கார் கிளம்பாது.

சாவிக்கொத்தை என்னிடம் விட்டுப்போவார், தபால் தலை வைத்த அலமாரிக்காக. லாச்சியின் சாவியும் அதே கொத்தில்தான். அதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டி, கூடாது என்று தலையை ஆட்டுவார். ஒன்றும் சொல்லமாட்டார். எனக்கு முன்பிருந்த கிராணி ராமச்சந்திரன், ஏதோ கடிதத்துக்காக அந்த லாச்சியைத் திறந்து ஒரே நாளில் வேலையிழந்தவர்.

துரை ரயிலேறிச் சிங்கப்பூர் போன மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, ரப்பர்த் தகடு அழுத்தும் உருளையில் தொழிலாளி வீரமுத்துவின் வலது கை முழங்கை வரை சிக்கி நசுங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸ்ஸர் தங்கராஜு முழங்கைக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடிவந்தார்.

“கட்டை அவுத்தா உயிர் போயிரும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல, மிஞ்சினா ரெண்டரை, அப்படியே விட்டா கை செத்துரும். சிகாமட் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்.”

லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போயிருந்தது. இருந்தது கார் மட்டும். சிகாமட் நாற்பது மைல், ஒன்றரை மணி நேரம். டிரைவர் காளியப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“கிராணி ஐயா, லாச்சி சாவி உங்ககிட்டதான இருக்கு?”

“இல்லப்பா. இந்த தடவ தொரை கையோட கொண்டுபோயிட்டாரு.”

கோட்டுப் பைக்குள் என் கை கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, சத்தம் வராமலிருக்க. காளியப்பன் பையைப் பார்த்தாரா, என் முகத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. சிறிது நேரம் நின்றார். அந்த நேரத்துக்குள் நான் கையை வெளியே எடுத்திருக்கலாம்.

“பூட்ட ஒடைச்சா என்னாங்க?” என்றார் தங்கராஜு.

“தொரை மேச அது. ஒடைக்கச் சொல்ல நான் யாரு?”

“சரி. ஆகுறதப் பாப்போம்” என்று காளியப்பன் கார் கொட்டகைக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பதால் நானும் போவதாயிற்று. வீரமுத்துவைப் பின் இருக்கையில் படுக்கவைத்திருந்தார்கள். தலை மனைவி அங்கம்மாவின் மடியில். காளியப்பன் பழைய பிளக்குகள் கிடந்த பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தார். பன்னிரண்டோ பதின்மூன்றோ இருந்தன. ஓட்டையின் திருகுப் புரியோடு சேராதவற்றை விரலால் ஒதுக்கினார். மூன்று மிஞ்சின.

முதலாவதன் பீங்கானில் மயிரிழை விரிசல். இரண்டாவது நல்ல பீங்கான், ஆனால் நுனிக்கம்பி எரிந்து தேய்ந்து, பொறி தாண்ட முடியாத இடைவெளி. மூன்றாவது லாரியினுடையது. எல்லாம் சரி, ஆனால் கழுத்து நீளம்.

“இத மாட்டினா என்னா?” என்றேன்.

“உள்ள பிஸ்டன் மேல வர்றப்ப நுனியில முட்டுங்க. முட்டினா எஞ்சினே போச்சு.”

தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். என்னைக் கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றச் சொல்லி, வெறும் ஓட்டைக்குள் ஈர்க்கை விட்டுப் பிடித்துக்கொண்டார். அது அவர் விரல்களுக்கிடையே மெல்ல மேலேறி நின்றது. அந்த இடத்தில் நகத்தால் கிள்ளி அடையாளமிட்டு, ஈர்க்கைப் பிளக்கோடு வைத்துப் பார்த்தார். ஒரு நெல்லளவு நீளம் அதிகம்.

மற்ற பழைய பிளக்குகளிலிருந்து செப்பு வளையங்களைக் கழற்றினார். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றையும் கல்லில் வைத்துத் தட்டிச் சமமாக்கி, அந்த நெல்லளவுக்கு ஈடாக நீளக் கழுத்தில் அடுக்கினார். ஒரு காகிதத்தை மடித்து நுனியின் இடைவெளியை அளந்தார். சற்றே தட்டினார். மறுபடி அளந்தார். எனக்குக் கைக்கடிகாரம் மட்டும் தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. அவசரப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“காளியப்பா,” என்று காருக்குள்ளிருந்து வீரமுத்து முனகினான், “மாட்டு வண்டி கட்டியிருந்தா இந்நேரம் சாஆ போயிருக்கலாம்டா.”

“மாட்டுக்கும் பிளக்கக் கழட்டி வச்சிருப்பாருடா ஒங்க தொரை.”

வீரமுத்து சிரித்தான். “ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா?” என்றாள் அங்கம்மா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கார் கிளம்பியபோது மணி பத்து இருபது. பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சாஆ தாண்டும்வரை ஒழுங்காக ஓடியது. நான் சாமி கும்பிடுவதை விட்டுப் பல வருடங்களாகியிருந்தன. அன்று கும்பிட்டேன். வீரமுத்துவின் கைக்காகவா, என்னுடைய பொய் யாருக்கும் கெடுதல் செய்யாமல் போகட்டும் என்றா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லாபிஸ் நெருங்கும்போது எஞ்சினிலிருந்து புஸ் புஸ் என்று காற்றுக் கசியும் சத்தம் கேட்டது. காளியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“வளையம் மூணும் ஒண்ணா ஒக்காரல. நெருப்புக் காத்து வெளிய வருது. பிளக்கு ரொம்பச் சுடும்.”

“நிறுத்தி இறுக்கலாமா?”

“நேரம் இருக்கா ஐயா?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். லாபிஸ் தாண்டி இரண்டு மைலில், மேட்டில் ஏறும்போது டப்பென்று ஒரு சத்தம். கார் குலுங்கி நின்றது. பிளக்கின் பீங்கான் பிளந்திருந்தது. காளியப்பன் கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் திருகினார். சூட்டில் இறுகிப்போயிருந்ததால் எளிதில் வரவில்லை. சாக்கு புகைந்தது. கழற்றி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நுனி தேய்ந்த பிளக்கை ஓட்டை அடைக்க மட்டும் மாட்டினார். மூன்று சிலிண்டரில் கார் சமதரையில் நகர்ந்தது. மேடு வந்தால் நின்றது.

பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க் கிராமம் அது, நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஒரு கிழவர் பின் இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டு “அலமாக்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு “தோலாக்! தோலாக்!” என்று கத்திக்கொண்டே மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினார். நானும் தள்ளினேன். கோட்டுப் பையில் சாவிகள் குலுங்கின. ஒவ்வொரு அடிக்கும் குலுங்கின. அங்கம்மா காருக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்து தள்ளிய காளியப்பனுக்குத் தெரிந்தது. அவர் தலை ஒரு முறை திரும்பியது. அவ்வளவுதான். 

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. டாக்டர் கட்டுக்குக் கீழே இருந்த தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குக் கட்டியது என்று கேட்டார். சொன்னேன்.  மாலையில் முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் துரை திரும்பினார். பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறியிருந்தது. எங்கள் இருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். மேசை மேல் நான் காலையிலேயே வைத்திருந்த சாவிக்கொத்து இருந்தது.

“சாவி நான் ஒன் கையிலே கொடுத்தது, கிராணி. ஆள் சாகப் போறான். ஏன் லாச்சி திறக்கலே?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, திறந்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்று. அதுவரை நான் பயந்தது வெறும் ஒரு தலையாட்டலுக்கு.

“காளியப்பன் கேக்கலைங்க தொரை,” என்றேன். “அவனா லாரி பிளக்கப் போட்டுட்டான்.”

துரை காளியப்பனைப் பார்த்தார். “நீ சாவி கேட்டியா?”

சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. இன்றும் சில பகல்களில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த இடைவெளி இன்னும் முடியவில்லை என்று தோன்றும்.

“கேக்கலைங்க,” என்றார் காளியப்பன்.

அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது தோட்டத்து வாசல் வரை பின்னாலேயே போனேன்.

“ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா ஒங்க வேலையும் போயிரும். வீரமுத்துக்குக் கை வந்துருமா?” என்றார். பிறகு, கோபமில்லாமல், “எனக்குத்தான் மனசு கேக்கல ஐயா. மூணு வளையம் போட்டிருக்கக் கூடாது. ரெண்டு போட்டிருந்தா தாங்கியிருக்கும்” என்றார்.

தப்பு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு போனார். நான் அதையும் திருத்தவில்லை.

வீரமுத்துவையும் அங்கம்மாவையும் இரண்டு மாதம் கழித்து ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அவன் மூன்று வருடம் இருந்து இறந்தான். அங்கம்மா தன் தம்பி வீட்டில் இருந்தாள். காளியப்பன் ஆயர் ஈத்தாமில் மண்சட்டிச் சூளை ஒன்றுக்கு லாரி ஓட்டினார். 1938இல் காய்ச்சலில் இறந்தார். தங்கராஜு அதே தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பினார். லாச்சியில் இருந்த பிளக்கைப் புது டிரைவர் காரில் மாட்டினார். அது நன்றாக ஓடியது. நான் பெரிய கிராணி ஆனேன்.