சொல்லாமல் எழுந்தவர்கள்

முகத்தில் பூசியிருந்த வெள்ளையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இன்னிக்கு மேக்கப் வேண்டாம் பானு. வீட்டுல இருக்கற மாதிரியே உக்காரு" என்று டைரக்டர் கலைமதி சொன்னபோது பானுமதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேய் வேஷத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திப் பழகியவள் அவள். சென்னையில் ஆறு வருஷம் நடித்தும், கதாநாயகிக்குப் பின்னால் குடம் தூக்கிப் போகிறவளாகவே காலம் தள்ளியிருந்தாள். இதுதான் முதல் பெரிய வேஷம். அதுவும் சொந்த ஊரான காரிமங்கலத்துக்குப் பக்கத்திலேயே படப்பிடிப்பு. பேயாக வந்தாவது ஊரை மூக்கில் விரல் வைக்கச் செய்யலாம் என்றிருந்தவளை, நூல் புடவையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

தயாரிப்பாளர் தர்மனுக்கு அவளைவிட வயிற்றெரிச்சல். மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் மனுஷர். "ஏம்மா, பேய்ப் படத்துல பேயே இல்லைன்னா ஜனங்க என்னத்துக்கு வருவாங்க? அதும் பட்டப்பகல்ல! புகை மெஷின் வேற சும்மா கெடக்குது."

"பேய் இருக்குதுங்க சார். தான் பேய்னு அதுக்குத்தான் இன்னும் தெரியல" என்றாள் கலைமதி.

முதல் படம் எடுக்கிற பெண். குரலை உயர்த்த மாட்டாள், பிடித்த பிடியை விடவும் மாட்டாள். சிவப்பு விளக்குகளை எல்லாம் வெளியே கொண்டுபோகச் சொன்னாள். கூடத்து மூலையில், பானுமதியின் முகமும் வாசல்படியும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் கேமராவை நிறுத்தினாள். அதை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பானுமதிக்குச் சொன்னது இவ்வளவுதான்: "உறவுக்காரங்க வருவாங்க, உக்காருவாங்க, போவாங்க. நீ வழியனுப்பு."

வந்தவர்களைப் பார்த்ததும் பானுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணை நடிகர்கள் இல்லை, அவளுடைய சொந்த ஜனம்! காசியம்மாள் அத்தை, பச்சியப்பன் சித்தப்பா, அவர்களுக்குப் பின்னால், தோளில் துண்டோடு, அவளைப் பெற்ற அப்பா மாது. நிச்சயம் பண்ணிய கல்யாணத்தை உதறிவிட்டு அவள் நடிக்கப் போனதிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தியவர். மாந்தோப்புக்கே போய்க் கலைமதி அவரை அழைத்திருக்கிறாள். "பேச வேண்டியது ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒத்துக்கொண்டாராம்.

கேமரா ஓடியது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மழை இல்லாததைப் பற்றியும் மாம்பூ கொட்டியதைப் பற்றியும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை ஒருவரும் வாங்கவில்லை. நடிக்கிறார்களாக்கும் என்று பானுமதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

முதலில் காசியம்மாள் எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசல்படியைத் தாண்டிப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து பச்சியப்பன். அவரும் சொல்லவில்லை.

பானுமதிக்கு நெஞ்சில் சுரீரென்றது. 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் ஒரு வீட்டை விட்டு யாரும் கிளம்ப மாட்டார்கள், சாவு வீடு ஒன்றைத் தவிர. அங்கே மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடி ஒரு சாவுக்கு வர வேண்டியதாகிவிடும் என்று பயம். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். காலையில் ஒத்திகையில் காசியம்மாள் ஒவ்வொரு தடவையும் "வரேன் கண்ணு" என்று வாய் தவறிச் சொல்லிக் கெடுத்தாளாம். "உசுரோட இருக்கற புள்ளைகிட்ட எப்படிம்மா சொல்லாம வர்றது?" என்று சண்டை வேறு. கடைசியில் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தாள். இதெல்லாம் பானுமதிக்குப் பிறகு தெரிந்த சங்கதி. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இது சாவு வீடு என்பது மட்டும்.

செத்தது யார்? கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. கத்திக் கத்திப் பழகிய தொண்டையில் காற்றுகூட வரவில்லை.

கடைசியாக அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவள் போன மறுவாரமே சென்னையில் அவள் அறைக்குத் தேடி வந்து, "ஊருக்கு வர மாட்டேன்" என்று அவள் சொன்னதும் இதே மாதிரி எழுந்து, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கியவர். அன்றைக்கே இவருக்கு நான் செத்துவிட்டேனா? 

வாசல்படியில் அவர் நின்றார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன் பாப்பா."

"சரிங்கப்பா" என்றாள். அது நடிப்பில்லை, யோசித்துச் சொன்னதுகூட இல்லை. அவர் போய்விட்டார். அவள் வாசலைப் பார்த்தபடி தேம்பித் தேம்பி அழுதாள். கலைமதி வெகுநேரம் 'கட்' சொல்லவே இல்லை.

"கெடுத்துட்டாரே மனுசன்! பேசாதீங்கன்னு அத்தனை தபா சொல்லியும்... இன்னொரு டேக் போங்கம்மா!" என்று குதித்தார் தர்மன்.

"வேண்டாங்க. இதுதான் படம்." கலைமதியின் கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் சொல்லாம போறப்ப, இவ செத்துட்டான்னு ஜனங்களுக்குப் புரியும். இவர் ஒருத்தர் செத்த பொண்ணுகிட்டயே 'வரேன்'னு சொல்லிட்டார் பாருங்க, அவகிட்ட வரப்போறது இவர்தான், அடுத்த சாவு இவருதுன்னும் அவங்களுக்கே புரிஞ்சிடும். தியேட்டர்ல ஒருத்தர் மூச்சு விட மாட்டாங்க."

தர்மன் கையில் மயிர்க்கூச்செறிந்ததைத் தடவிவிட்டுக்கொண்டு, "அய்யோ சாமி!" என்றார்.

பானுமதிக்கு ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த ஒரே வார்த்தை. அது அப்பாவின் சாவுச் செய்தியாகவா திரையில் ஓட வேண்டும்? "அக்கா, அதை மட்டும் எடுத்துடுங்கக்கா" என்று கலைமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலைமதி யோசித்தாள். "அப்பாகிட்டயே கேட்டுட்டு வா. அவர் வேண்டாம்னா அழிச்சிடறேன்."

புளியமரத்தடியில் மொபெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தவரிடம் பானுமதி ஓடினாள். "ஏம்ப்பா, சாவு வூடுன்னு சொன்னாங்கல்ல? அங்க அப்படிச் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அந்தம்மா படிச்சுப் படிச்சு சொல்லுச்சு." அவர் வண்டியையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஒருக்கா உன்னை அப்படி வுட்டுட்டு வந்தவன்தானே நானு. மறுக்கா முடியல."

"அதைப் படத்துல வெச்சா, அடுத்து நீங்கதான்னு ஜனங்க பயந்துக்குவாங்கப்பா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அழிச்சிடுவாங்க."

"எதுக்கு அழிக்கோணும்? வெக்கச் சொல்லு." மாது இப்போதுதான் வண்டியை விட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். "ஊரே பயந்தாலும் பயந்துக்கட்டும். நான் உன்கிட்டத்தானே சொன்னேன்."